சாஸ்திரத்திற்கும் பகிரங்க விசாரணை வேண்டும்

நியாயஸ்தலத்தின் கதவுகள் திறந்திருக்கவேண்டும் என்பது மனித சமூகம் நெடுங்காலம் போராடிப் பெற்றதொரு கொள்கை. வழக்கு இன்னதென்று முன்னதாகவே எழுத்தில் தெரிவிக்கப்படவேண்டும். சாட்சிகள் பலரறிய விசாரிக்கப்படவேண்டும். எதிர்க்கட்சியின் வக்கீலுக்குக் குறுக்கு விசாரணை செய்ய இடமளிக்கப்படவேண்டும். தீர்ப்புக்குரிய காரணங்கள் வெளிப்படையாக எழுதப்படவேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அத்தீர்ப்பை நாம் தீர்ப்பென்று ஒப்புவதில்லை. அரைக்காணி நஞ்செய் நிலத்தைப் பற்றிய வியாஜ்யத்திற்கே இத்தனை காபந்து வேண்டுமென்று கருதும் நாம், மனித சுபாவம் இத்தகையது என்று உலகனைத்துக்குமாகத் தீர்ப்புக் கூறும் மனோதத்துவ சாஸ்திரத்தினிடம் மட்டும் இவற்றுள் ஒன்றையும் கேளாதிருந்தது ஏன்? இக்கேள்வியை 2011-ம் ஆண்டு முதல் அச்சாஸ்திரத்தின் வல்லுநர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அதனின்று பிறந்த இயக்கத்திற்குத் ‘திறந்த விஞ்ஞானம்’ என்று பெயர். அதன் வரலாறு நமது வாசகர்கள் அனைவரும் அறியத்தக்கதென்று நாம் கருதுகிறோம்.

இது பண்டிதர்களின் வீட்டு விவகாரம், நமக்கென்ன? என்று சிலர் நினைக்கக்கூடும். அது பிழை. மனிதர் எப்பொழுது ஒருவரோடொருவர் ஒத்துழைப்பர், எப்பொழுது தம் பையை மட்டும் காத்துக்கொள்வர் என்ற கேள்வி, கூட்டுறவுச் சங்கம் நடத்துபவருக்கும், தொழிற்சங்கம் நடத்துபவருக்கும், வரிச்சட்டம் இயற்றுபவருக்கும் அன்றாடக் கேள்வியாகும். அதற்கு மனோதத்துவ நிபுணர் ஒருவர் விடையளித்தால், அவ்விடை சில ஆண்டுகளில் பாடப் புத்தகத்தில் ஏறுகிறது; பின்பு மந்திரிகளின் பிரசங்கத்தில் வருகிறது; முடிவில் சட்டத்திலும் புகுகிறது. விடை பிழையானால் அதன் பலனை அனுபவிப்பவர்கள் பண்டிதர்களல்லர், பொது ஜனங்களே.

நிற்க. 2011-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையின் பேராசிரியர் டேரில் பெம் என்பவர், இனி நடக்கப்போவதை மனிதர் முன்கூட்டியே உணர்கின்றனர் என்று கூறும் கட்டுரையொன்றை வெளியிட்டார். 9 பரிசோதனைகள், 1,000 பேருக்கு மேற்பட்டவர்கள் அவற்றில் கலந்துகொண்டனர், வெளியிட்ட பத்திரிகையோ அத்துறையில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. அவர் கையாண்ட முறைகளில் அக்காலத்து வழக்கத்திற்கு மாறானது எதுவுமில்லை. இதிலேதான் விபரீதம் இருந்தது. வழக்கமான முறைகளைக் கொண்டே இத்தகைய முடிவை ருசுப்படுத்தக் கூடுமானால், அம்முறைகளால் எதைத்தான் ருசுப்படுத்த முடியாது? வேறு மூவர் அப்பரிசோதனைகளுள் ஒன்றைத் திரும்பச் செய்து பார்த்தனர். பெம் கண்ட பலன் அவர்களுக்குக் கிட்டவில்லை. அதை அதே பத்திரிகைக்கு அனுப்பியபொழுது, மறு பரிசோதனைகளை நாங்கள் வெளியிடுவதில்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். 2012-ல் வேறொரு பத்திரிகையில்தான் அது வெளிவந்தது. அப்பீலே இல்லாத கோர்ட்டு எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது நிலைமை.

அதே 2011-ல் ஸிம்மன்ஸ், நெல்ஸன், ஸைமன்ஸன் என்னும் மூவர் மற்றொரு வேடிக்கையான பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களிற் சிலருக்கு, 64 வயதாகும்பொழுது என்ன ஆகும் என்று கேட்கும் பீட்டில்ஸ் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு வேறொரு சங்கீதம். பிறகு எல்லோருடைய பிறந்த தேதியையும் கேட்டுக் கணக்கிட்டதில், முதற்பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறக்குறைய ஒன்றரை வருஷம் குறைந்துவிட்டதாக ஏற்பட்டது! பாட்டைக் கேட்டால் எவருக்கேனும் வயது குறையுமா? குறையாது. கணக்கில் ஓர் எண்ணாவது பொய்யா? அதுவுமில்லை. எத்தனை பேரைச் சோதிப்பது, எதை அளப்பது, எதைக் கணக்கில் சேர்ப்பது, எப்பொழுது நிறுத்துவது என்பவைகளைப் பலனைப் பார்த்துக்கொண்டே தீர்மானித்தால், நூற்றுக்கு 5-க்கு மேற்படாதென்று சொல்லப்படும் தவறு நூற்றுக்கு 60-க்கு மேற்போகும் என்பதை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

நமது கிராமத்துச் சோதிடர் ஒருவரின் கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். கருவுற்ற பெண்ணின் வீட்டுச் சுவரில் “ஆண் அல்ல பெண்” என்று எழுதிவிட்டுத் தட்சிணையைப் பெற்றுக்கொண்டு போனார். பெண் பிறந்தால், ‘ஆண் அல்ல, பெண்’, ஆண் பிறந்தால், ‘ஆண், அல்ல பெண்’. எழுத்து ஒன்றுதான், நிறுத்தும் இடம் மாத்திரம் குழந்தை பிறந்த பிறகு தீர்மானிக்கப்பட்டது. பெரும்பான்மையான ஆராய்ச்சியாளர் இந்தச் சோதிடரைப் போல் அறிந்தே ஏமாற்றுகிறவர்கள் என்று நாம் கூறவில்லை. அவர்கள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டார்கள். பலன் தெரிந்த பிறகு நிறுத்தக்குறியைப் போட்டுவிட்டு, ஆதியிலிருந்தே அங்கேதான் போட எண்ணியிருந்தோம் என்று மனப்பூர்வமாக நம்பினார்கள். பலன் கிட்டாத பரிசோதனைகளோ மேஜையறைக்குள் போய் உறங்கின.

இதனால் விளைந்த நஷ்டம் எவ்வளவு என்பது 2015-ல் வெளியாயிற்று. வர்ஜீனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரையன் நோஸெக் முன்னின்று நடத்த, 270 பேர் கூட்டாகக் கையெழுத்திட்ட ஒரு பெரிய ஆராய்ச்சி அது. மூன்று முக்கியமான மனோதத்துவப் பத்திரிகைகளில் வெளிவந்திருந்த 100 ஆராய்ச்சிகளை அவர்கள் திரும்பச் செய்து பார்த்தனர். மூல ஆராய்ச்சிகளில் நூற்றுக்கு 97, பலன் கண்டதாகக் கூறியவை. மறு பரிசோதனையிலோ நூற்றுக்கு 36-ல் மட்டுமே பலன் தென்பட்டது. எஞ்சியவை அனைத்தும் பொய்யென்று இதற்குப் பொருளல்ல. மறு பரிசோதனையிலும் குறையிருக்கலாமென்று சில அறிஞர்கள் 2016-ல் ஆட்சேபித்தார்கள். ஆயினும் கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அப்பீலில் நிலைக்கவில்லையென்றால், அந்தக் கோர்ட்டின் விசாரணை முறையைச் சீர்திருத்த வேண்டுமென்பதை எவர்தான் மறுப்பார்?

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு வழக்கை எடுத்து முழுவதும் விசாரிப்பது நலம். நாம் எடுத்துக்கொள்வது ஒத்துழைப்பைப் பற்றியே எழுந்த வழக்கு.

2012-ம் ஆண்டில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ராண்ட், க்ரீன், நோவாக் என்னும் மூவர் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அதில் வரும் விளையாட்டு இது. ஒருவரையொருவர் அறியாத நால்வர். ஒவ்வொருவரிடத்தும் சிறு தொகை. அதில் விரும்பிய அளவைப் பொது நிதியில் போடலாம். பொது நிதியில் விழுந்த தொகை இரட்டிப்பாக்கப்பட்டு நால்வருக்கும் சமமாகப் பங்கிடப்படும். நால்வரும் முழுவதும் போட்டால் நால்வர் பணமும் இரட்டிக்கும். ஆனால் தனியொருவன் ஒரு ரூபாய் போட்டால் அதிலிருந்து அவன் கைக்குத் திரும்புவது அரை ரூபாய்தான். ஆகவே, பிறர் போடட்டும், நான் போடாமலே பங்கு பெறுகிறேன் என்பது சுயநலக்காரனின் கணக்கு. இவ்விளையாட்டில் சிலரை 10 விநாடிக்குள் தீர்மானிக்கும்படியும், சிலரை 10 விநாடியாவது பொறுத்துத் தீர்மானிக்கும்படியும் சொன்னார்கள். விரைந்து தீர்மானித்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள் என்று முடிவு ஏற்பட்டது. மனிதனுடைய முதல் உணர்ச்சி ஈகை. யோசித்தபின் வருவது பேராசை என்று அவர்கள் அனுமானம் செய்தார்கள்.

எவ்வளவு இனிமையான முடிவு! மனித குலத்தினிடம் நம்பிக்கை வைத்துப் பொதுக் காரியங்களில் இறங்கியிருப்பவர்கள் இதைக் கேட்டால் உள்ளம் பூரிப்பார்கள். நாமும் பூரித்தவர்களே. ஆனால் நமக்கு இனிக்கும் சாட்சியத்தைத்தான் நாம் இருமடங்கு விழிப்போடு விசாரிக்கவேண்டும் என்பது வக்கீல் தொழிலில் ஒருவன் முதலிற் கற்கும் பாடம்.

இந்த ஆராய்ச்சியின் 7-வது பரிசோதனையை 21 பரிசோதனைச் சாலைகள் ஒன்றுசேர்ந்து திரும்பச் செய்தன. 3,596 பேர் கலந்துகொண்டார்கள். 2017-ல் பலன் வெளியாயிற்று. என்ன செய்யப்போகிறோம், எவரைக் கணக்கில் சேர்க்கப்போகிறோம், எந்தக் கணக்கைப் பிரதானமாகக் கொள்ளப்போகிறோம் என்பவை யாவும் பரிசோதனை தொடங்குமுன்பே எழுதிப் பதிவு செய்யப்பட்டன. பிரதான கணக்கின்படி, அவசரப்படுத்தப்பட்டவர்களுக்கும் பொறுத்தவர்களுக்கும் கொடையில் இருந்த வித்தியாசம், நூற்றுக்கு 0.37 குறைவு, அதாவது வித்தியாசமே இல்லையென்று சொல்லவேண்டும். முதல் ஆராய்ச்சியின் மூலக்கணக்கையும் இதே முறையில் போட்டுப் பார்த்தால் 8.6 அதிகமென்று வருகிறது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. 10 விநாடிக்குள் தீர்மானிக்கும்படி கட்டளை பெற்றவர்களில் நூற்றுக்கு 65.9 பேர் அவ்வாறு செய்யவில்லை. அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். பொறுக்கும்படி சொல்லப்பட்டவர்களில் கட்டளையை மீறினவர்கள் நூற்றுக்கு 7.5 பேர்தான். முதல் ஆராய்ச்சியில் கட்டளையை மீறினவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறு பரிசோதனையிலும் அவ்வாறே நீக்கிப் பார்த்தால் வித்தியாசம் 10.37 என்று வருகிறது. முதல் ஆராய்ச்சியில் அது 15.31. பார்த்தீர்களா! அதே மனிதர்கள், அதே பணம், அதே விளையாட்டு. எல்லாரையும் எண்ணினால் ஒன்றுமில்லை. சிலரை வெளியே நிறுத்தினால் மனிதன் பிறவியிலேயே கொடையாளி.

வாதி தரப்பில் நூறு சாட்சிகளுக்கு சம்மன் போகிறது. கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லாத 66 பேரை, நீ மெதுவாகப் பேசுகிறாய் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய 34 பேரைக் கொண்டு வழக்கை ருசுப்படுத்தினால் நீதிபதி என்ன கேட்பார்? அனுப்பப்பட்டவர்கள் யார், அவர்கள் ஏன் தாமதித்தார்கள் என்று கேட்பார். விளையாட்டின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்தவர்களும், கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கியவர்களும் அவர்களுள் இருக்கலாமல்லவா? அவர்களை விலக்கினால் எஞ்சி நிற்பது விரைவின் பலனன்று. பொறுக்கியெடுத்ததன் பலனாகவும் இருக்கக்கூடும். மறு பரிசோதனை செய்தவர்களின் முடிவும் இதுவே.

இங்கே இரண்டு விஷயங்களை நாம் நேர்மையாகச் சொல்லவேண்டும். முதலாவது, அம்மூவர் மீது எவரும் மோசடிக் குற்றம் சாட்டவில்லை. கட்டளையை மீறினவர்களை நீக்கியதை அவர்கள் மறைக்கவுமில்லை. அவர்களுடைய மூலக்கணக்கு பிறர் கைக்கு எட்டியதனாலேயே அந்த 8.6 என்ற எண் வெளிப்பட்டது. இரண்டாவது, ராண்ட் என்பவரின் பதிலும் அறிக்கையோடு வெளியிடப்பட்டது. வேறு பரிசோதனைகளைக் காட்டி அவர் தம் கொள்கைக்காக வாதாடினார். இப்படியன்றோ விவாதம் நடக்கவேண்டும்! இரு கட்சியாரின் வாதமும், இருவகைக் கணக்கும், எல்லா எண்களும் ஜனங்களின் முன்னே கிடக்கின்றன. படிப்பவன் தானே தீர்மானித்துக்கொள்ளலாம். 2012-ம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் படித்தவனுக்கு இந்தச் சுதந்திரம் ஏது?

இனி, சீர்திருத்தம் எத்தகையதென்று பார்ப்போம்.

முதலாவது, முன்கூட்டிப் பதிவு செய்தல். சிவில் வழக்கில் பிராதும் பதிலும் தாக்கலானபின் கோர்ட்டார் விவாதாம்சங்களை வகுக்கின்றனர். சாட்சியம் அதன் பிறகுதான். சாட்சியம் முடிந்தபின் வாதி தன் வழக்கையே மாற்றிக்கொள்ள வந்தால் லேசில் விடமாட்டார்கள். ஆராய்ச்சியாளரும் அவ்வாறே தம் கேள்வியையும், கணக்கிடும் வழியையும், தேதியிட்டுப் பொதுவிடத்தில் பதிவு செய்துவிட்டுப் பிறகு பரிசோதனையைத் தொடங்கவேண்டும். 2013-ல் ‘கார்ட்டெக்ஸ்’ என்னும் பத்திரிகை இதற்கு மேலும் ஒரு படி சென்றது. திட்டத்தை மட்டும் பரிசீலித்து, அது நல்ல திட்டமானால், பலன் எதுவாயினும் வெளியிடுகிறோம் என்று முன்னதாகவே வாக்குக் கொடுக்கும் முறையை அது தொடங்கிற்று. இன்று 300-க்கு மேற்பட்ட பத்திரிகைகள் இம்முறைக்கு இடமளிக்கின்றன. இதனால் நேர்ந்த மாறுதலை 2021-ல் ஒரு கணக்கெடுப்பு காட்டிற்று. வழக்கமான முறையில் வெளிவந்த மனோதத்துவக் கட்டுரைகளில் நூற்றுக்கு 96, தாங்கள் எதிர்பார்த்தது பலித்ததாகக் கூறின. திட்டத்தைப் பார்த்தே ஏற்கப்பட்ட கட்டுரைகளிலோ நூற்றுக்கு 44-தான். நூறு வழக்கில் 96 வழக்கை ஜெயிக்கும் வக்கீலைப் பற்றி நமக்கு என்ன தோன்றும்? ஒன்று, அவர் பிரகஸ்பதியாயிருக்கவேண்டும். அல்லது தோற்ற வழக்குகளைச் சொல்லாமல் விட்டிருக்கவேண்டும்.

இரண்டாவது, மூலக்கணக்கைத் திறந்து வைத்தல். இதன் அவசியத்திற்கு ஒரு சான்று போதும். படிவத்தின் அடியில் கையெழுத்திடுவதற்குப் பதில் தலைப்பில் கையெழுத்திடச் செய்தால் மனிதர் பொய் சொல்வது குறையும் என்று 2012-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதிலிருந்த ஒரு பரிசோதனை மோட்டார் இன்ஷ்யூரன்ஸ்காரர்களின் வாடிக்கைக்காரர்கள் ஓட்டிய மைல் கணக்கைப் பற்றியது. 2020-ல் அதை எழுதியவர்களே மறுபடி சோதித்து, பலன் காணவில்லையென்று வெளியிட்டபொழுது பழைய கணக்கையும் பொதுவில் வைத்தார்கள். மறு வருஷமே, பொய்ப் பலன்களைப் பற்றி மேலே சொன்ன அந்த மூவர், தாங்கள் நடத்தும் வெளியீட்டில், அக்கணக்கு இட்டுக்கட்டியது என்று காட்டிவிட்டார்கள். ஓட்டிய மைல்கள் பூஜ்யத்திலிருந்து 50,000 வரையில் ஒரே சீராகப் பரவி, 50,000-ல் சட்டென்று நின்றுவிட்டன. உலகத்தில் எந்த ஊர் ஜனங்களாவது இப்படி வண்டி ஓட்டுவார்களா? 2021-ல் கட்டுரை வாபஸ் வாங்கப்பட்டது. நாணயத்தைப் பற்றிய ஆராய்ச்சியிலேயே நாணயமற்ற கணக்கு ஒன்பது வருஷம் மறைந்து கிடந்தது. திறந்து வைத்த மறு வருஷத்தில் பிடிபட்டது.

மூன்றாவது, ஒத்துழைப்பைப் பற்றி ஆராய்பவர்கள் தாமே ஒத்துழைப்பது. ஊர் கூடித் தேர் இழுத்தாலன்றி நிலைக்கு வராத தேர்கள் உண்டு. தனியொரு பேராசிரியர் தம் வகுப்பு மாணவர் ஐம்பது பேரைச் சோதித்து மனித குலத்தின் சுபாவத்தை நிர்ணயிப்பது, ஒரு தெருவின் அபிப்பிராயத்தைக் கேட்டு ராஜ்யத்தின் தேர்தல் முடிவைக் கூறுவதை ஒக்கும். 2018-ல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில் 36 நாடுகளிலும் பிரதேசங்களிலுமிருந்து 15,305 பேர் கலந்துகொண்டனர்; 28 முடிவுகளைச் சோதித்ததில் 15 நிலைத்தன. பரிசோதனை தவறுவதற்கு ஊரும் ஜனமும் வேறாயிருப்பதே காரணம் என்ற சமாதானமும் அதில் பெரும்பாலும் எடுபடவில்லை. நிலைத்தவை பல ஊர்களிலும் நிலைத்தன, தவறியவை பல ஊர்களிலும் தவறின.

இதனினும் அருமையானது எதிரிகளின் கூட்டு. 2002-ல் நோபல் பரிசு பெற்ற டேனியல் காஹ்னெமன் அதற்கு முந்திய வருஷத்தில், தம் கொள்கையை எதிர்த்த ரால்ஃப் ஹெர்ட்விக் என்பவரோடு சேர்ந்து, பார்பரா மெல்லர்ஸ் என்ற அம்மையாரை மத்தியஸ்தராக வைத்து ஒரு பரிசோதனையை நடத்தினார். இன்ன பலன் வந்தால் யார் கட்சி வலுக்கும் என்பதை முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டு, பலனை மூவரும் சேர்ந்தே வெளியிட்டார்கள். முடிவிலும் அபிப்பிராய பேதம் முற்றும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் எதில் பேதம், எதில் உடன்பாடு என்பது உலகத்திற்குத் தெளிவாயிற்று. நமது பொது வாழ்விலும் இத்தகைய எதிரிகள் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இவ்வியக்கத்திற்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. அவற்றை ஒதுக்கிவிடுவது நியாயமன்று. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்தால் மேதையின் கற்பனைக்கு விலங்கு பூட்டியதாகாதா என்கின்றனர் சிலர். ஆகாது. எதிர்பாராமல் கண்டதை, எதிர்பாராமல் கண்டோம் என்று எழுதுவதை எவரும் தடுக்கவில்லை. முன்பே எதிர்பார்த்தோம் என்று எழுதுவதைத்தான் தடுக்கிறோம். பரிசோதனைக்கு உட்பட்டவர்களின் அந்தரங்கம் வெளிப்பட்டுவிடுமே என்பது மற்றோர் ஆட்சேபம். இது உண்மையான கவலை. பெயரையும் அடையாளத்தையும் நீக்கி வெளியிடலாம். அப்படியும் தெரிந்துவிடக்கூடியதாயின் பொறுப்பாளர் வசம் வைத்துத் தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் காட்டலாம். அந்தரங்கத்தைக் காக்க எவ்வளவு மூடவேண்டுமோ அவ்வளவே மூடவேண்டும். மறு பரிசோதனை என்ற பெயரால் பெரியவர்களை அவமதிக்கிறார்கள் என்றும் சிலர் வருந்துகின்றனர். ஜில்லா முன்சீப் தீர்ப்பை ஹைக்கோர்ட்டார் மாற்றினால் முன்சீப்பைக் குற்றவாளியென்று யாராவது சொல்வதுண்டா? அந்த மரியாதையை ஆராய்ச்சியுலகமும் பழகிக்கொள்ளவேண்டும். இரு தரத்தாரும் பழகிக்கொள்ளவேண்டும்.

பணத்தைப் பற்றிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அதற்கு நாம் தலை வணங்குகிறோம். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரையை வெளியிடுவதற்கு, எழுதியவரிடமே பெருந்தொகை கேட்கும் பத்திரிகைகள் பல. ஏழை நாட்டு ஆராய்ச்சியாளர் அத்தொகைக்கு எங்கே போவார்? படிப்பவனுக்குக் கதவைத் திறந்து எழுதுபவனுக்கு அடைப்பது திறந்த விஞ்ஞானமாகாது. 2016-ல் மனோதத்துவத்திற்கென்று ஏற்பட்ட ‘சைஆர்க்சிவ்’ போன்ற பொதுக் களஞ்சியங்களில் ஒரு காசும் கொடாமல் கட்டுரையை வைக்கலாம். அவ்வழியைச் சர்வகலாசாலைகள் ஆதரிக்கவேண்டும்.

சீர்திருத்தக்காரர்களே தம் விதிக்கு உட்பட்டவர்களா என்ற கேள்விக்கும் சமீபத்தில் விடை கிடைத்தது. 2023 நவம்பரில், நோஸெக் உள்ளிட்ட இவ்வியக்கத்தின் முன்னணியினர் சிலர், தங்கள் நல்ல முறைகளைக் கையாண்டு கண்ட 16 புதிய முடிவுகளை நான்கு பரிசோதனைச் சாலைகளில் சோதித்ததில் நூற்றுக்கு 86 நிலைத்ததாக ஒரு கட்டுரை வெளியிட்டனர். எல்லாம் முன்கூட்டிப் பதிவு செய்யப்பட்டது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். விமரிசகர்கள் பொதுக் களஞ்சியத்திலிருந்த பதிவுகளை எடுத்துப் பார்த்தனர். கட்டுரையின் தலையாய கூற்றுக்கு ஆதாரமான கணக்கே முன்கூட்டிப் பதிவாகவில்லை என்று தெரிந்தது. 2024 செப்டம்பரில் பத்திரிகையார் அக்கட்டுரையை வாபஸ் வாங்கினார்கள். இதைக் கண்டு இயக்கத்தின் விரோதிகள் நகைத்தார்கள். நாம் நகைக்கவில்லை. சட்டம் செய்தவன் மீதே சட்டம் பாய்ந்ததென்றால் அது உயிருள்ள சட்டம். முன்னணியினரின் நல்லெண்ணத்தையே நம்பியிருந்தால் அப்பிழை இன்னும் புதைந்து கிடக்கும். பதிவு திறந்திருந்தது, ஆகவே பிழை வெளிப்பட்டது. திறந்த முறை வேண்டுமென்பது மனிதர் கெட்டவர்கள் என்பதனாலன்று. நல்லவர்களும் தவறுகிறார்கள் என்பதனால்.

இதில் நமது தேசத்திற்கு உள்ள சம்பந்தம் யாது? இரண்டு சொல்வோம். மனோதத்துவப் பத்திரிகைகளில் ஆராயப்பட்ட மனிதர்களில் நூற்றுக்கு 96 பேர், உலக ஜனத்தொகையில் நூற்றுக்கு 12 பேரே வாழும் மேல்நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை எடுத்துக்காட்டிற்று. மனிதன் என்று புத்தகத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் அவர்களைத்தான். நம் கல்லூரிகளிலும் அதுவே பாடம். திட்டமும் கருவிகளும் கணக்கும் திறந்து வைக்கப்பட்டால் மதுரையிலோ பாட்னாவிலோ உள்ள ஆசிரியர் ஒருவர் அதே பரிசோதனையை நம் ஜனங்களிடம் செய்து, இது இங்கே பலிக்கிறதா என்று சொல்லலாம். மூடிவைத்தால் நாம் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளும் மாணாக்கர்களே.

மற்றொன்று, முன்கூட்டிப் பதிவு செய்வது நமக்குப் புதிதன்று. மருந்துகளை மனிதர் மீது சோதிப்பதற்கு நம் நாட்டில் 2007-ல் ஒரு பதிவேடு ஏற்பட்டது. 2009 ஜூன் முதல் அதில் பதியாமல் அத்தகைய சோதனையைத் தொடங்கலாகாதென்று விதியாயிற்று. உடம்பில் செலுத்தும் மருந்துக்கு வேண்டுமென்று ஒப்புக்கொண்ட காபந்தை, மனத்தைப் பற்றிய தீர்ப்புக்கு மாத்திரம் வேண்டாமென்பது எவ்வகை நியாயம்?

ஆகையால் நாம் கேட்பது இது. ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் எந்த மனோதத்துவப் பரிசோதனையும் தொடங்குமுன் பதிவாகவேண்டும். முடிவை வெளியிடும்பொழுது, அந்தரங்கத்தைக் காத்து, மூலக்கணக்கையும் வெளியிடவேண்டும். பிறர் முடிவைத் திரும்பச் சோதித்தவருக்கும், எதிர்பார்த்தது பலிக்கவில்லையென்று நேர்மையாக எழுதியவருக்கும் சர்வகலாசாலைகள் உத்தியோகத்திலும் உயர்விலும் உரிய இடம் கொடுக்கவேண்டும். கட்டுரைகளை எண்ணிக்கையால் நிறுக்கும் வழக்கம் உள்ளவரை இளைஞனொருவன் உண்மையைப் பார்ப்பானா, வயிற்றைப் பார்ப்பானா?

மேடையேறிப் பேசும் நமது தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘விஞ்ஞானம் ருசுப்படுத்தியிருக்கிறது’ என்று முழங்குவது நமக்கெல்லாம் எளிதாகிவிட்டது. முழங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பரிசோதனையின் திட்டம் முன்பே பதிவாயிற்றா? மூலக்கணக்கு எங்கே கிடைக்கும்? வேறொருவர் செய்து பார்த்தாரா? விடை கிடைக்கவில்லையானால், “ஓர் ஆராய்ச்சி இப்படிக் கூறுகிறது” என்று மட்டும் சொல்லி அமையுங்கள். மனிதர் இயல்பாகவே ஒத்துழைப்பார்கள் என்ற அந்த இனிய முடிவு ஒருவேளை வேறு பரிசோதனைகளால் நிலைபெறலாம், பெறாமலும் போகலாம். நிலைபெறுமானால் அதைக் கொண்டாடுவோரில் நாமும் ஒருவராயிருப்போம். தீர விசாரிக்கும் வரையில் அது தீர்ப்பன்று, வழக்கே.